கங்கைகொண்ட சோழபுரம்

கங்கைகொண்ட சோழபுரம் தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்துக்கு அருகே அமைந்துள்ள ஓர் ஊர் ஆகும். முன்னர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2007இல் அரியலூர் தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. முதலாம் இராசேந்திர சோழன் (ஆட்சி 1014–1044) தன் படை கங்கைவரை சென்று வென்றதன் நினைவாக இந்நகரை அமைத்தான். தஞ்சாவூருக்குப் பின் ஏறத்தாழ 250 ஆண்டுகள் இதுவே சோழர் தலைநகராக விளங்கியது.

பெருவுடையார் கோயில்

இன்று இங்கு முழுமையாக எஞ்சியிருப்பது கோயில் மட்டுமே. விமானத்தின் உயரம் சுமார் 55 மீட்டர். தந்தை இராசராசன் எழுப்பிய தஞ்சை விமானத்தை விடச் சற்றுக் குறைவு. தஞ்சை விமானம் நேர்கோடாக உயர்கிறது. இது உள்வளைந்து மேலேறுகிறது. வடபுற வாயிலருகே உள்ள சண்டேசுவர அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தைக் காணாமல் திரும்பக் கூடாது. சிவபெருமான் சண்டேசருக்கு மாலை சூட்டும் இக்காட்சியில், வெற்றி பெற்ற இராசேந்திரனே குறிக்கப்படுகிறான் என்று கருதுவோரும் உண்டு. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலுடன், 2004இல் இக்கோயிலும் தாராசுரம் கோயிலும் சேர்க்கப்பட்டன.

அழிவு

பாண்டியர் எழுச்சியால் 13ஆம் நூற்றாண்டில் நகரம் தன் முதன்மையை இழந்தது. ஆனால் கோயிலுக்கு நேர்ந்த பெருஞ்சேதம் பிற்காலத்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கற்கள் கொண்டு செல்லப்பட்டன. தடுக்க முயன்ற ஊர்மக்கள் தண்டிக்கப்பட்டதாகவும், ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அளித்த வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்றும் 1855இல் வெளியான ஒரு நூல் குறிப்பிடுகிறது. பாசனத்திற்குப் புகழ்பெற்ற ஒரு மரபின் கோயில், பாசனத்திற்காகவே இடிபட்டது.

சோழகங்கம்

ஊருக்கு மேற்கே இராசேந்திரன் வெட்டிய பேரேரி சோழகங்கம் எனப்பட்டது. கங்கை நீரால் ஆன வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு இதனைச் சொல்கிறது. பிற்காலத்தில் பொன்னேரி என்ற பெயர் பெற்றது.

மாளிகைமேடு

கோயிலுக்குத் தென்மேற்கே உள்ள மாளிகைமேட்டில் அரண்மனை இருந்தது. 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள் முதலியன கிடைத்தன. 2021இல் பணி மீண்டும் தொடங்கியது. மற்றபடி, பழைய நகரைத் தேடுவோர்க்குச் சுற்றுப்புற ஊர்ப்பெயர்களே துணை: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி.

பயணம்

கும்பகோணத்திலிருந்தும் செயங்கொண்டத்திலிருந்தும் பேருந்தில் வரலாம். தஞ்சாவூரையும் தாராசுரத்தையும் கண்ட பின் இங்கு வருவோர்க்கு விமானங்களின் வேறுபாடு எளிதில் விளங்கும். மாளிகைமேடு கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெரும்பாலானோர் அங்குச் செல்லாமலே திரும்பிவிடுகின்றனர். ஆடித் திருவாதிரை இராசேந்திரனின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.