அத்தையின் சங்கிலியும் பதினாலு காரட்டும்

சமீபத்தில் பேத்தியின் கல்யாணத்திற்கு நகை வாங்கக் குடும்பத்தோடு கடைக்குப் போயிருந்தோம். அவளுக்குப் பிடித்தது மெல்லிய, கல் பதித்த ஒரு நெக்லஸ். விற்பனையாளர் பூதக்கண்ணாடியைக் கொடுத்து முத்திரையைக் காட்டினார்: 14 காரட், 585. என் மனைவி உடனே, "பதினாலு காரட்டா? வேண்டவே வேண்டாம்!" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டாள். பேத்திக்குக் காரணம் புரியவில்லை. அந்தக் காரணம் எங்கள் குடும்பத்தில் அறுபது வருஷத்துக் கதை. நம் அங்கத்தினர்கள் பல வீடுகளிலும் இதுபோல் ஒன்று இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்காட்டுக்காரர்கள். என் அத்தைக்கு 1963-ல், வைகாசி மாதம் கல்யாணம். அத்திம்பேர் சாந்தன்பாறையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதினார். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி, போடிமெட்டு, பூப்பாறை தாண்டினால் சாந்தன்பாறை. இன்று அது இடுக்கி மாவட்டம். 1972-ல் அந்த மாவட்டம் உருவாகும்வரை கோட்டயத்தைச் சேர்ந்தது. விளைவது ஏலம், பேச்சில் பாதி தமிழ். ஏலக்காய் விற்றுக் கையில் காசு வந்தால் போடிக்கு இறங்கி நகை வாங்குவது அங்கே வழக்கம்.

கல்யாணத்திற்குத் தாத்தா புதிதாக நாலு பவுனில் ஒரு சங்கிலி வாங்கிப் போட்டார். செய்து கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பத்தர். இரண்டு மூன்று வருஷத்திலேயே சங்கிலி நிறம் மங்கியது. வேர்வை பட்ட இடத்தில் கறுத்தது. அத்தை பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையில் மென்மையான துணியால் தேய்த்துக் கழுவுவாள்; பளபளக்கும், மறுபடி மங்கும். 1970-ல் ஏதோ அவசரத்துக்கு அடகு வைக்கப் போனபோது கடைக்காரர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, "மாற்று ரொம்பக் குறைச்சல், சாமி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குள் தாத்தா காலமாகிவிட்டார். கேட்டுச் சொல்ல ஆளில்லை. பத்தர் ஏமாற்றிவிட்டார் என்று குடும்பம் ஒரு மனதாகத் தீர்ப்பு எழுதியது. அவர் வீட்டுப் பக்கம் போவதையும் நிறுத்தினார்கள். அத்தை அந்தச் சங்கிலியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு மஞ்சள் சரடோடு இருந்தாள்.

நான் பௌதிகத்தில் பட்டம் பெற்று, 1974-ல் மத்திய கலால் துறையில் சேர்ந்தேன். அப்போது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அமல் செய்தது எங்கள் துறைதான். உரிமம் பெற்ற நகைக்கடைகளின் கணக்கையும், சான்றிதழ் பெற்ற பொற்கொல்லர்களின் கணக்கையும் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. பழைய ஆணைகளைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு வரி கண்ணில் குத்தியது.

1962 அக்டோபரில் சீன யுத்தம். அந்நியச் செலாவணி நெருக்கடி. கடத்தல் தங்கம் வேறு. நாட்டில் தங்கத்தின் மேல் உள்ள ஆசையைக் குறைத்தால் கடத்தலும் குறையும் என்று அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கருதினார். 1963 ஜனவரியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் மாற்றுள்ள நகையைப் புதிதாகச் செய்யவே கூடாது! நாடெங்கும் பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் அக்காலப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 1966-ல்தான் அந்த 14 காரட் தடை நீங்கியது. அத்தையின் கல்யாணம் நடந்தது 1963 வைகாசியில்.

கணக்கைப் பாருங்கள். தூய தங்கம் 24 காரட். நாம் பழகிய பவுன் என்பது பிரிட்டிஷ் 'சாவரின்' நாணயம். 22 காரட், எடை 8 கிராமுக்குச் சற்றே குறைவு. காசுமாலை கோத்த பாட்டிமார்கள் மனத்தில் நின்றது அந்த மாற்றுதான். நாலு பவுன், அதாவது 32 கிராம் சங்கிலி 22 காரட்டானால் அதில் 29 கிராமுக்கு மேல் தங்கம். 14 காரட்டில் 18.7 கிராம்தான். மீதி செம்பும் வெள்ளியும். தங்கம் கறுக்காது, செம்பும் வெள்ளியும் வேர்வையாலும் காற்றிலுள்ள கந்தகத்தாலும் கறுக்கும். அத்தையின் கழுத்தில் நடந்தது இதுதான்.

ஆனாலும் ஊகத்தை வைத்துக்கொண்டு ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்க முடியாதல்லவா? 1983-ல் விடுமுறையில் சாந்தன்பாறைக்குப் போனபோது அந்தச் சங்கிலியை வாங்கி வந்து, கல்லூரியில் ஆசிரியராயிருந்த நண்பரின் நுண்தராசில் நிறுத்தேன். ஆர்க்கிமிடீஸ் செய்த சோதனையேதான். கெட்டி வளையங்கள், உள்ளே காற்று கிடையாது. 22 காரட்டானால் தண்ணீரில் ஏறக்குறைய 1.8 கிராம் எடை குறைய வேண்டும். குறைந்தது 2.5 கிராம். அடர்த்தி 13-க்கு அருகில். அதாவது சட்டம் அனுமதித்த 14 காரட்; அதற்குக் கீழே இல்லை. பத்தர் சட்டம் விட்ட அளவுக்குக் குந்துமணியும் குறைக்காமல் செய்திருக்கிறார்.

பிறகு அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஜாதகக் கட்டுக்குள் அந்த ரசீதும் கிடைத்தது. தாத்தாவின் பெயர், எடை, பக்கத்தில் '14 கா.' என்று தெளிவாக. தாத்தாவுக்குத் தெரிந்தே வாங்கியிருக்கிறார். பெண்ணிடம் சொல்ல மனம் வரவில்லை போலும். அத்தை ரசீதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுஷனை இத்தனை வருஷமா வாயில வந்தபடி பேசினோமேடா" என்றாள். நான் ஊருக்குப் போய் விசாரித்தேன். பத்தர் மறைந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவருடைய பிள்ளை தொழிலை விட்டுவிட்டு லாரி ஓட்டினார். விஷயத்தைச் சொன்னேன். "அப்பா அந்த மூணு வருஷத்தில் செய்ததெல்லாம் இப்படித்தான் பேர் கெட்டுது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அதே துறையின் உத்தியோகஸ்தன்.

1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் நகை வைத்திருந்த தனிநபர்தான் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சாமானிய வீடுகளுக்கு அதனால் தொந்தரவு இல்லை. கணக்கும் சோதனையும் பத்தரின் தலையில்தான். 1990-ல் அந்தச் சட்டம் ரத்தானது. மாற்றைச் சான்றளிக்கும் ஹால்மார்க் முத்திரையை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2000-ல் கொண்டுவந்தது. 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் கட்டாயமாகிப் பிறகு பல மாவட்டங்களுக்கு விரிந்தது. நகையின் மேல் அமைப்பின் சின்னம், மாற்று, ஆறு இலக்க அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும். எண்ணைக் கைபேசிச் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். அன்று பத்தருக்கு இப்படி ஒரு முத்திரை இருந்திருந்தால் வீண் பழி வந்திருக்காது.

அனுபவத்தில் கண்ட சிலவற்றையும் சொல்கிறேன். கெம்புக்கல் அட்டிகையைச் சுடுநீரில் போடாதீர்கள். கல்லுக்கு அடியில் உள்ள அரக்கு இளகிவிடும். முத்தும் பவழமும் வேர்வையையும் புளிப்பையும் தாங்காது. கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்துத் தனித்தனிப் பையில் வையுங்கள். நூலில் கோத்த மாலையை ஆண்டுக்கொரு முறை மாற்றிக் கோருங்கள். சாந்தன்பாறை மஞ்சில் அத்தையின் பவழ மாலை நூல் இற்று இரண்டு முறை அறுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரசீதை நகையோடு வையுங்கள். பிள்ளைகளிடம் மாற்றைச் சொல்லி வையுங்கள்.

பேத்திக்கு இத்தனையும் சொன்னேன். அந்த 14 காரட் நெக்லஸையே வாங்கிக் கொடுத்தோம். தினமும் ஆபீசுக்குப் போட்டுக்கொள்ள அது போதும், கெட்டியானதும்கூட. ரசீதில் மாற்று எழுதியிருக்கிறதா என்று என் மனைவி இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் கைப்பையில் வைத்தாள். அத்தையின் சங்கிலியும் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. 1983-க்குப் பிறகு அத்தை அதைக் கடைசிவரை கழற்றவில்லை.