பதிவேட்டில் ஒரு திருத்தம்

மேற்குப் பிரான்சில் சேன் ழான் தான்ழெலி என்றொரு சிற்றூர் உண்டு. 1838-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அங்கே பிறந்த ஒரு குழந்தையை, எர்க்குலீன் பார்பன் என்ற பெயரோடு, பெண் என்று பதிவேட்டில் எழுதினார்கள். 1860-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நீதிமன்ற ஆணைப்படி அந்தப் பதிவு திருத்தப்பட்டது. பெயர் ஆபெல் என்றாயிற்று. பெண் என்றிருந்தது ஆண் என்றாயிற்று. அந்தத் திருத்தத்துக்கு உள்ளான மனிதர் பட்ட பாட்டையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு விளக்கம். குரோமோசோம், ஹார்மோன், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு ஆகியவை சிலருக்கு ஆண் என்றோ பெண் என்றோ முற்றப் பிரித்துச் சொல்ல இயலாதபடி அமைவதுண்டு. இவர்களை இக்காலத் தமிழில் ஊடுபால் மக்கள் என்கிறோம். இவ்வமைப்பு சிலருக்குப் பிறந்தவுடனே தெரியும். சிலருக்குப் பருவம் எய்தும் வயதில் தெரியும். தெரியாமலே வாழ்ந்து முடிப்பவரும் உண்டு. திருநங்கையரையும் இவர்களையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வோர் பலர். திருநங்கை என்பது ஒருவர் தம்மை எந்தப் பாலாக உணர்கிறார் என்பது பற்றிய சொல். ஊடுபால் என்பது பிறந்த உடலமைப்பு பற்றிய சொல்.

பார்பன் இளமையிலேயே தந்தையை இழந்தவர். கன்னியாஸ்திரீகளின் ஆதரவில் கல்வி கற்று, ஆசிரியப் பயிற்சி பெற்று, பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியையானார். அங்கே உடன் பணியாற்றிய ஒரு பெண்ணுக்கும் இவருக்கும் காதல் மலர்ந்தது. இதற்கிடையே உடல்வலி தாளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டியதாயிற்று. மனச்சுமை பொறுக்காமல் லா ரோஷல் நகரத்து ஆயரிடம் சென்று அனைத்தையும் சொன்னார். ஆயர் இன்னொரு மருத்துவரைச் சோதிக்கச் செய்தார். அவர் பார்த்து, இவர் ஆணே என்று எழுதிக் கொடுத்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது; பதிவு திருத்தப்பட்டது.

திருத்தம் எழுத எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? அதன் பின் ஆசிரியப் பணி இல்லை. நேசித்தவரின் அருகு இல்லை. செய்தித்தாள்கள் எழுதின, ஊர் பேசியது. அறிமுகமில்லாத பாரிஸ் நகரத்துக்குச் சென்று, ரயில்வே அலுவலகத்தில் சிறு வேலை பார்த்து, வறுமையில் உழன்றார். 1868-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் 29-ஆம் வயதில், வாடகை அறையொன்றில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பக்கத்தில் அவர் எழுதிய தன்வரலாறு கிடந்தது.

அந்தக் கையெழுத்துப் பிரதி தார்தியூ என்ற புகழ்பெற்ற மருத்துவரின் கைக்குச் சென்றது. அவர் 1870-களின் தொடக்கத்தில் அதை அச்சிட்டார். ஆனால் முழுவதும் அன்று. கடைசி ஆண்டுகளைப் பற்றிய பகுதியை வெறும் புலம்பல் என்று கருதித் தள்ளிவிட்டார். உடலைப் பற்றிய செய்தி மருத்துவருக்கு வேண்டியிருந்தது. உயிரின் வேதனை வேண்டியிருக்கவில்லை. நூறாண்டு மறந்து கிடந்த அந்நூலைத் தேடியெடுத்து 1978-இல் மீண்டும் வெளியிட்டவர் மிஷேல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர்.

அதைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பிரெஞ்சு மொழியில், தன்னைப் பற்றி ஒருவர் 'மகிழ்ந்தேன்' என்பதற்குக்கூடப் பல இடங்களில் ஆண்பாலோ பெண்பாலோ சுட்டியாக வேண்டும். பார்பனின் எழுத்தில் இரண்டும் மாறி மாறி வருகின்றன. தமிழில் எழுதியிருந்தால் 'நான்' என்ற சொல் அவரை எதுவும் கேட்டிராது. இந்த உரையை எழுத உட்கார்ந்தபோது, அவனா அவளா என்று நான் திகைக்கவும் நேரவில்லை. 'அவர்' என்ற சொல் கைகொடுத்தது.

மருத்துவம் வளர்ந்தபின் நிலை மாறியதா? கருவி மாறியது, வழக்கம் மாறவில்லை. 1955-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் மணி என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் வகுத்த கருத்து உலகெங்கும் பரவியது. குழந்தைப் பருவத்திலேயே ஒரு பாலை முடிவு செய்து, அதற்கேற்ப அறுவை செய்துவிட வேண்டும் என்றார்கள். உண்மையைக் குழந்தையிடம் மறைப்பதும் பல இடங்களில் வழக்கமாயிற்று. பதிவேட்டில் செய்த திருத்தத்தை இப்போது உடலிலேயே செய்தார்கள். அப்படி வளர்ந்தவர்கள் 1990-களில் ஒன்றுகூடித் தங்கள் வடுக்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். 2015-இல் மால்டா நாடு இத்தகைய அறுவைகளைச் சட்டத்தால் தடுத்தது.

நம் மதுரைக்கும் இதில் பங்குண்டு. ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தனர். அதுவும் ஒரு பதிவேட்டைப் பற்றிய வழக்கே! சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22-ஆம் நாள் தீர்ப்பளித்தார். திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. வழக்கில் வராத, வாய் திறந்து கேட்க இயலாத ஊடுபால் குழந்தைகளுக்காகவும் பேசினார். பெற்றோரின் இசைவு குழந்தையின் இசைவாகாது என்றார். உயிருக்கு ஆபத்து நேரும் நிலை தவிர, அவர்களுக்குப் பால் அறுவை செய்வதைத் தடை செய்யுமாறு தமிழ்நாட்டு அரசுக்கு உத்தரவிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அரசாணை பிறந்தது. இந்தியாவில் இத்தகைய ஆணை அதுவே முதலாவது.

பார்பன் பிறந்த நவம்பர் 8-ஆம் நாளை ஊடுபால் மக்கள் இன்று பல நாடுகளில் நினைவுநாளாகக் கொள்கிறார்கள். தார்தியூ தள்ளிவிட்ட பக்கங்கள் மட்டும் கிடைக்கவில்லை.