ஒரு ஹார்மோன் சொட்டு மருந்தான கதை

1953இல் டென்மார்க் மருத்துவர் பௌல்சன் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதான பெண் அவர். பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்துபோக, விழித்திரைப் பழுது மெல்ல மறைந்தது. இதை நம்பிப் பார்வையைக் காப்பாற்ற பிட்யூட்டரியையே அழிக்கும் சிகிச்சை சில காலம் நடந்தது. கொடுமையான பேரம்தான். ஆனால் மருத்துவர்களிடம் அன்று வேறென்ன இருந்தது?

பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன்மீது சந்தேகம் விழுந்தது. 1973இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் ரோஜர் கியுமானின் குழு, செம்மறியாட்டு மூளைகளிலிருந்து அந்த ஹார்மோனை அடக்கும் பொருளைப் பிரித்தெடுத்தது. பதினான்கே அமினோ அமிலங்கள் கொண்ட அதற்கு சொமாட்டோஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். ரத்தத்தில் அது சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. நீண்டு நிலைக்கும் மாற்று வடிவத்தை ஊசியாகப் போட்டுப் பார்த்ததிலும் விழித்திரை நோய்க்குத் தெளிவான பலன் தெரியவில்லை.

கதையைத் திருப்பியவர்கள் பார்சிலோனாவின் வால் டெப்ரோன் ஆய்வு நிறுவனத்தில் ரஃபேல் சிமோவும் கிறிஸ்டினா எர்னாண்டசும். சொமாட்டோஸ்டாட்டினை விழித்திரையே சுரக்கிறது. அங்கே அது நரம்பு செல்களுக்குக் காவல். சர்க்கரை நோயில் அந்தச் சுரப்பு குறைகிறது. ரத்தக் குழாய் கசியத் தொடங்குமுன்பே நரம்பு செல்கள் மடிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவர்கள் கருதினார்கள். குறை கண்ணில் என்றால் மருந்தையும் கண்ணிலேயே விடலாமே!

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளைச் செலுத்திச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளின் கண்ணில் சொட்டு விட்டார்கள். பிறகு எலியை இருட்டில் வைத்திருந்து, கருவிழியில் மின்முனை பொருத்தி, ஒளியைப் பளிச்சிட்டு, விழித்திரை எழுப்பும் மின்னலையை அளந்தார்கள். 2013இல் வெளியான முடிவு: மருந்து பெற்ற எலிகளில் அலை குலையவில்லை, செல் இறப்பு தடுக்கப்பட்டது, அளவு மீறினால் நரம்பு செல்களுக்கு நஞ்சாகும் குளூட்டமேட்டும் பெருகவில்லை. உற்சாகம் தரும் முடிவுதான். ஆனால் எலியின் கண் சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், நம்முடையது 24. சொட்டின் பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்துபோகும். மிச்சம்தான் பின்புறம் போய்ச் சேரவேண்டும். எலிக்கு வரவழைத்த நோய்க்கு வயது சில வாரம். மனிதரிடமோ அது ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது.

அதனால் யூரோகாண்டார் என்ற ஐரோப்பிய ஆய்வு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 449 பேரிடம் 96 வாரம் சோதித்தது. சிலருக்கு சொமாட்டோஸ்டாட்டின், சிலருக்கு பிரிமோனிடின் என்ற இன்னொரு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. 2019இல் வந்த முடிவில், மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு விழித்திரையின் மின்செயல்பாடு தொடக்கத்தில் நன்றாகவே இருந்ததை இங்கே மறக்கக்கூடாது. ஏற்கெனவே அது மந்தப்பட்டிருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, வெறும் சொட்டு விட்டவர்களுக்கு நிலை மோசமானது. மருந்து விட்டவர்களுக்கு மேலும் சரியவில்லை.

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதைத் தவிர, இந்த ஆரம்பக் கட்டத்துக்கென்று கண்ணில் விட இன்னும் ஒரு மருந்து நடைமுறைக்கு வரவில்லை. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பழுது முற்றிய பிறகுதான். அடுத்த சோதனைக்கு மந்தப்பட்ட விழித்திரைக்காரர்களையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன்.