அனலைதீவில் ஒரு படம்: பின்னணியை எவ்வளவு மங்கவிடலாம்?

சில ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கிய கமெராவுடன் அனலைதீவுக்குப் போயிருந்தேன். வயதான அம்மா ஒருவரை அவரது வீட்டு வளவில் நிறுத்திப் படமெடுத்தேன். முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் துல்லியமாக விழுந்திருந்தது. பின்னால் இருந்ததெல்லாம் பச்சையும் மண்ணிறமுமாகக் கரைந்துபோயிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. படம் கனடாவில் இருக்கும் மகளுக்குப் போனது. அவர் திருப்பிக் கேட்டது இதைத்தான்: "அம்மா எங்க நிக்கிறா? எங்கட கிணத்தடியோ?"

கிணற்றடிதான். அதைத் தெரியாமல் செய்தது நான்.

கமெரா பழகுகிறவர்கள் முதலில் ஆசைப்படுவது இந்த மங்கிய பின்னணிக்குத்தான். அதில் தவறில்லை. ஆனால் போரும் இடப்பெயர்வும் பாதிப் பேரைக் கடல் கடந்து கொண்டுபோன ஊர்களில், பின்னால் நிற்கும் வேலியும் கிணறும் பனையும் வெறும் பின்னணி அல்ல. எவ்வளவு தெரியவேண்டும், எவ்வளவு மங்கவேண்டும் என்பதைக் கமெராவிடம் விடாமல் நாமே முடிவுசெய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

லென்ஸ் கூர்மையாகக் குவிவது ஒரேயொரு தூரத்தில். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சத் தூரம் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். அந்தத் தெளிவான பகுதியின் நீளந்தான் புல ஆழம். லென்ஸின் துவாரம், பொருள் நிற்கும் தூரம், லென்ஸின் குவியத் தூரம் ஆகிய மூன்றும் அதை மாற்றும்.

துவார எண்தான் எல்லோரையும் குழப்பும். எண் சிறிதானால் துவாரம் பெரிது. அது வகுக்கும் எண் என்று நினைத்தால் குழப்பம் தீரும். 55 மில்லிமீற்றரை 5.6 ஆல் வகுத்தால் துவாரம் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். 16 ஆல் வகுத்தால் மூன்றரைதான். துவாரம் சிறுக்கச் சிறுக்கத் தெளிவு நீளும். 1932இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அன்செல் அடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் தொடங்கிய குழுவுக்கு 'எஃப் 64' என்றே பெயர். அருகிலிருந்து அடிவானம்வரை எல்லாம் தெளிவாக இருக்கவேண்டும் என்பது அவர்களின் பிடிவாதம்.

இதைப் பழகுவதற்குத் தீவின் ஒழுங்கைகளைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வேலிக் கதியால்கள் வரிசையாக நிற்கின்றன அல்லவா? கமெராவோடு வரும் சாதாரண 18–55 லென்ஸை 55இல் வையுங்கள். மேலுள்ள சில்லை 'ஏ' அல்லது 'ஏவி'க்குத் திருப்புங்கள். வேலியோரமாக நின்று 2 மீற்றர் தள்ளியிருக்கும் கதியாலில் குவியுங்கள். எஃப் 5.6இல் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர்தான் தெளிவாக விழும். எஃப் 16இல் 90 சென்ரிமீற்றர்வரை வரும். இனி எஃப் 5.6லேயே ஒரு மீற்றருக்குக் கிட்டப் போய் எடுங்கள். தெளிவு 7 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். தூரம் பாதியானால் ஆழம் ஏறக்குறைய கால்வாசி. விலைகூடிய லென்ஸ் இல்லையென்று கவலைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இரண்டு எட்டு முன்னால் வைப்பதற்குக் காசு தேவையில்லை.

எல்லாம் தெரியவேண்டுமென்றால் எதிர்வழி. லென்ஸை 18இல் வைத்து, எஃப் 8இல், 2 மீற்றர் தள்ளிக் குவித்தால் ஒரு மீற்றரிலிருந்து அடிவானம்வரை தெளிவு. இறங்குதுறையில் முன்னால் கட்டியிருக்கும் கயிறும் தெரியும், பின்னால் பனை வரிசையும் தெரியும். எஃப் 22க்குப் போகவேண்டாம். மிகச் சிறிய துவாரத்தில் ஒளி சிதறிப் படம் முழுவதுமே சற்று மென்மையாகிவிடும்.

குறிகட்டுவானிலிருந்தோ ஊர்காவற்துறையிலிருந்தோ வரும் படகில் நின்று எடுப்பது வேறு கதை. படகு ஆடுவதால் ஷட்டர் 1/500க்குக் குறையக்கூடாது. துவாரத்தைச் சுருக்கினால் ஒளி குறையும், அதற்கு ஐஎஸ்ஓவைக் கூட்டவேண்டும். நடுப்பகலில் சிக்கல் தலைகீழ். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100இல் எஃப் 16க்கு 1/100 நொடி போதும். எஃப் 1.8க்குத் திறந்தால் 1/8000 தேவை. தொடக்கநிலைக் கமெராக்கள் பல 1/4000உடன் நின்றுவிடும், படம் வெளிறிப்போகும். மங்கிய பின்னணி வேண்டுமென்றால் ஆளை மரநிழலுக்குக் கூப்பிடுங்கள், அல்லது வெயில் தாழும்வரை பொறுங்கள்.

கைபேசியில் இந்தக் கணக்கு அதிகம் எடுபடாது. அதன் உணரி சிறியது, லென்ஸின் குவியத் தூரமும் சில மில்லிமீற்றர்தான். அதனால் பெரும்பாலும் எல்லாமே தெளிவாக விழும். 'போர்ட்ரெயிட்' முறையில் காணும் மங்கல் மென்பொருள் பூசுவது. வலை பொத்தும் ஒருவரை அந்த முறையில் எடுத்துப் பாருங்கள். விரல் எது, நூல் எது, மணல் எது என்று தெரியாமல் பாதி வலையைத் தின்றுவிடும்.

அடுத்தமுறை போனபோது அந்த அம்மாவை அதே இடத்தில் மீண்டும் எடுத்தேன். லென்ஸ் 35இல், எஃப் 8, இரண்டரை மீற்றர் தூரம். கணக்குப்படி ஏறக்குறைய 1.9 மீற்றரிலிருந்து 3.7 மீற்றர்வரை தெளிவு. கிணறு அதற்கு அப்பால் சற்று மென்மையாக விழுந்தது, ஆனால் கிணறென்று பார்த்தவுடன் தெரிந்தது. படம் எடுக்குமுன் பின்னால் என்ன தெரியவேண்டுமென்று அவரிடமே கேட்டேன். கொடியில் காய்ந்த உடுப்புகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.