நாட்குறிப்பும் அன்றாட வாழ்வும்: விக்டர் கிளெம்பெரர் காட்டும் ஜேர்மனி (1933 – 1945)

பிறநாட்டு மக்களின் வாழ்க்கையை நாம் பெரும்பாலும் அவர்தம் அரசாங்கங்களின் வரலாறாகவே கற்று வந்துள்ளோம். யுத்தங்கள், உடன்படிக்கைகள், தலைவர்களின் பிரகடனங்கள் ஆகியனவே எமது பாடநூல்களை நிரப்புகின்றன. அந்நாடுகளிலே சாதாரணமான ஒரு நாளில் அடுப்பிலே என்ன வெந்தது, கடை வரிசையில் நின்றோர் என்ன பேசிக்கொண்டனர் என்பனவற்றை அறிவதற்கு அரச ஆவணங்கள் பெரிதும் உதவுவதில்லை. இவ்விடத்திலேயே தனிமனிதரின் நாட்குறிப்புகள் சான்றாகும் தகுதியைப் பெறுகின்றன. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பின்றி எழுத முடியாதென்பதைத் தமிழ் மாணவர் நன்கறிவர்.

எனினும் அன்றாட வாழ்வு என்பது அரசியலுக்கு அப்பாற்பட்ட ஒரு தனி உலகமா என்ற வினா இங்கு எழுகின்றது. 1970களிலும் 1980களிலும் மேற்கு ஜேர்மனியிலே ‘அன்றாட வாழ்வு வரலாறு’ என்றொரு ஆய்வு நெறி வளர்ச்சியுற்றது. நாஸி ஆட்சியையும் அவ்வாறே, மக்களின் நாளாந்த வாழ்வினூடாக, வரலாற்றுமயப்படுத்தி நோக்க வேண்டுமென 1985 இல் மார்ட்டின் புரொசாட் வாதிட்டார். அவ்வாறு நோக்கும்போது சாதாரணத் தன்மையே முன்னணிக்கு வந்து, ஓஷ்விட்ஸ் ஓரத்துக்குத் தள்ளப்படும் என்று சோல் பிரீட்லாண்டர் மறுத்தார். 1987 இல் இருவருக்குமிடையே நிகழ்ந்த கடிதப் பரிமாற்றம் வரலாற்று மாணவர் அனைவரும் படிக்க வேண்டிய ஒன்று. 1989 இல் காலமான புரொசாட் காணாத ஒரு நாட்குறிப்பு, 1995 இல் பெர்லினில் அச்சேறியது. அவ்விவாதத்தின் தளத்தையே அது மாற்றியது என்பது எமது கருத்தாகும்.

அதனை எழுதிய விக்டர் கிளெம்பெரர் (1881 – 1960), யூத மதகுரு ஒருவரின் மைந்தர். புரட்டஸ்தாந்து மதத்தைத் தழுவியவர். முதலாம் உலக யுத்தத்திலே ஜேர்மன் படையிற் பணிபுரிந்தவர். டிரெஸ்டன் தொழில்நுட்ப உயர்கல்லூரியிலே பிரெஞ்சு முதலான ரோமானிய மொழி இலக்கியங்களைக் கற்பித்த பேராசிரியர். தம்மை ஜேர்மானியர் என்றே கருதியவர். நாஸிகளின் இனச் சட்டங்களோ அவரை யூதரென வகுத்தன. 1935 இல் அவர் பதவி பறிபோயிற்று. யூதரல்லாத அவருடைய மனைவி ஏவா அவரைப் பிரிய மறுத்தமையே நாடுகடத்தலிலிருந்து அவரைக் காத்தது.

ஒடுக்குமுறை என்பது நள்ளிரவிற் கதவைத் தட்டும் ஓசையாகவே எமது கற்பனையில் அமைந்துள்ளது. அவ்வோசை இந்நாட்குறிப்பிலும் கேட்கின்றது. ஆயின் அதற்கு முன்னரும் பின்னரும் வேறெத்தனையோ நிகழ்கின்றன. 1938 டிசம்பரிலே கார் ஓட்டும் அனுமதி பறிக்கப்படுகின்றது. அதே மாதத்தில் நூலகத்தின் கதவும் மூடப்படுகின்றது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இலக்கியம் பற்றி அவர் எழுதிவந்த நூல் அத்துடன் நின்றுவிடுகின்றது. 1940 இல் சொந்த வீட்டை விட்டு, யூதருக்கென ஒதுக்கப்பட்ட வீடொன்றின் அறைகளிலே குடியேறுகின்றனர். 1941 செப்டெம்பர் 19 முதல் மஞ்சள் நட்சத்திரத்தை உடையிலே தைத்துக்கொண்டே வெளியிற் செல்ல வேண்டும். அவ்வாண்டிலேயே தட்டச்சுப் பொறியும் போய்விடுகின்றது. 1942 ஜூன் மாதக் குறிப்பொன்றிலே அதுவரை விதிக்கப்பட்ட தடைகளை அவர் நிரற்படுத்துகின்றார்: வானொலி கூடாது, தொலைபேசி கூடாது, பத்திரிகை வாங்கக் கூடாது, புகையிலை கூடாது, பூ வாங்கக் கூடாது, துவிச்சக்கர வண்டி கூடாது, பூங்காவுக்குச் செல்லக் கூடாது. இவற்றுட் பல, பொது வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறத் தகாத அளவுக்கு அற்பமானவை. ஒரு பூவை வாங்குவதைத் தடுப்பதால் எந்த அரசுக்கு என்ன இலாபம்? ஆயினும் அதனைச் சட்டமாக எழுதவும், ஒப்பமிடவும், அறிவிக்கவும், மீறுவோரைக் கண்காணிக்கவும் ஆட்கள் இருந்தனர் என்பதே நோக்கத்தக்கது.

பூனையின் கதை இதன் உச்சம். யூதர் வீட்டு விலங்குகளை வளர்க்கலாகாது என்ற ஆணை 1942 மே மாதத்தில் வருகின்றது. பிறரிடம் கொடுக்கவும் அனுமதியில்லை. பல்லாண்டு வளர்த்த பூனையை ஏவா மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று, வலியின்றிக் கொல்லுவித்துத் திரும்புகின்றார். மனிதர் இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்ட ஆண்டிலே ஒரு பூனைக்காக இரங்குவதா என்று கேட்கலாம். ஆனால் ஓஷ்விட்ஸுக்கு ஆளனுப்பிய அதே நிருவாகமே இப்பூனையையும் தேடி வந்தது. பிரீட்லாண்டர் அஞ்சிய பிளவு இங்கு இல்லை. யாருடைய அன்றாட வாழ்வை நாம் வாசிக்கின்றோம் என்பதைப் பொறுத்ததே அது. (பிற்காலத்திலே அவர் எழுதிய பெருநூலில், பாதிக்கப்பட்டோரின் நாட்குறிப்புகள் பல, கிளெம்பெரருடையது உட்பட, முக்கிய சான்றுகளாகின்றன.)

மக்கள் எதனை அறிந்திருந்தனர் என்ற நீண்டகால வினாவுக்கும் இந்நூல் விடை தருகின்றது. வானொலியும் பத்திரிகையும் மறுக்கப்பட்ட இம்மனிதர், 1942 மார்ச் மாதத்திலேயே ஓஷ்விட்ஸ் என்ற பெயரை, மிகக் கொடிய முகாமென்ற செய்தியுடன், எழுதி வைத்துள்ளார். அடுத்த மாதத்தில் கீவ் நகரில் நிகழ்ந்த யூதப் படுகொலை பற்றிய செய்தியும் அவரை எட்டுகின்றது. அடைபட்டுக் கிடந்தவர் செவிக்கு எட்டியது, சுதந்திரமாக நடமாடியோர் செவிக்கு எட்டவில்லை எனக் கூறுவது கடினம்.

மறுபுறத்தே, ஜேர்மன் மக்கள் அனைவரையும் கொலைக்கு உடந்தையான ஒரே திரளாகக் காண்போருக்கும் இந்நூல் இடையூறானது. 1996 இல் டானியல் கோல்ட்ஹேகன் எழுதிய நூல் அத்தகைய பார்வையைப் பிரபலப்படுத்தியது. கிளெம்பெரரோ பாண் கடையிலே நின்று, எத்தனை பேர் ஹிட்லரின் பெயரால் வணக்கம் கூறினர், எத்தனை பேர் பழைய முறையில் நல்வாழ்த்துக் கூறினர் என எண்ணிப் பார்க்கின்றார். வீதியில் இளைஞர் ஏசுகின்றனர். முன்பின் அறியாத முதியவர் வந்து கைகுலுக்குகின்றார். மக்களின் உண்மைக் குரல் எது என்று அவராலேயே துணிய முடியவில்லை. இத்தடுமாற்றத்தை அவர் மறையாது பதிவு செய்தமை அவருடைய நேர்மைக்குச் சான்று.

அவரும் தம் வர்க்கத்தின் பார்வையைக் கொண்டவரே. பேராசிரியருக்குரிய பெருமிதம், நோய் பற்றிய ஓயாத அச்சம், உருளைக்கிழங்குக்கு அலையும்போதும் விடாத கல்விச் செருக்கு ஆகியன பக்கந்தோறும் தென்படுகின்றன. தொழிலாளரை அவர் நெருங்கி அறிந்தது, கட்டாய உழைப்புக்கென 1943 முதல் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்ட பின்னரே. நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு 1947 இல் வெளியிட்ட, நாஸி மொழி பற்றிய நூலிலே ஒரு சம்பவத்தைக் கூறுகின்றார். உடன் வேலை செய்த பெண்ணொருத்தி, தடையை மீறி, நோயுற்றிருந்த அவர் மனைவிக்கென ஓர் அப்பிள் பழத்தைக் கொடுக்கின்றாள். பின்பு, அவர் மனைவி மெய்யாகவே ஜேர்மானியர்தானா என்று வியப்புடன் வினவுகின்றாள். யூதரும் ஜேர்மானியரும் வேறு வேறென்ற நாஸிப் பாகுபாடு, வெறுப்பற்ற அவள் நாவிலும் குடியேறிவிட்டது. கருத்தியல் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை விளக்க நாம் நீண்ட கோட்பாட்டுரைகளை நாடுகின்றோம். அந்த அப்பிள் பழத்திலே அது முழுமையாக உள்ளது.

இக்குறிப்புகள் தப்பியதே ஓர் அருஞ்செயல். கண்டெடுக்கப்பட்டிருப்பின் எழுதியவர் மட்டுமன்றி, அதிற் பெயர் குறிக்கப்பட்டோரும் மடிந்திருப்பர். எழுதி முடித்த தாள்களை ஏவா அவ்வப்போது பிர்னா நகரிலிருந்த மருத்துவத் தோழியிடம் சேர்ப்பித்தார். 1945 பெப்ரவரி 13ஆம் திகதி, எஞ்சியிருந்த யூதருட் பலருக்கு நாடுகடத்தல் அறிவித்தல்களைக் கொண்டுசென்று கொடுக்கும் பணி கிளெம்பெரருக்கு விதிக்கப்பட்டது. அன்றிரவே டிரெஸ்டன் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. இருபத்தையாயிரம் பேர் வரை மாண்ட அந்நெருப்பிலே கெஸ்டாப்போவின் பிடியும் தளர்ந்தது. ஏவா அவருடைய மேலங்கியிலிருந்த நட்சத்திரத்தைப் பிய்த்தெடுக்க, இருவரும் தப்பியோடினர்.

யுத்தத்தின் பின் அவர் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். கிழக்கு ஜேர்மனியிலே மீண்டும் பேராசிரியரானார். 1950 இல் மக்கள் சபை உறுப்பினருமானார். நாட்குறிப்பை மட்டும் நிறுத்தவில்லை. நாஸிகளின் மொழியை ஆராய்ந்த அதே செவியுடன், தாம் சார்ந்த புதிய ஆட்சியின் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் வழங்கிய சொற்களைக் கேட்டு, பழையனவற்றை ஒத்தவற்றைத் தனியே குறித்து வந்தார். அக்குறிப்புகள், அவ்வரசு மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1999 இலேயே அச்சேறின.