மண்டையோட்டுத் துளையிடல்

மண்டையோட்டுத் துளையிடல் அல்லது டிரெபனேசன் என்பது உயிருள்ள ஒருவரின் மண்டையோட்டு எலும்பில் ஒரு பகுதியைச் சுரண்டியோ, அறுத்தோ, துளைத்தோ அகற்றும் பழமையான அறுவை முறையாகும். பெருவின் கூசுக்கோ நகரில் ஸ்குயர் பெற்ற மண்டையோட்டை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, அதிலுள்ள வெட்டு உயிருடன் இருந்தவருக்குச் செய்யப்பட்டது என்று 1867 இல் அறிவித்தார். அதன் பின்னரே இத்துறை ஆய்வுகள் பெருகின.

அடையாளம் காணல்

துளையுள்ள மண்டையோடெல்லாம் அறுவைக்குச் சான்றாகாது. நோய், ஆயுதக் காயம், எலியின் பல், அகழ்வோரின் கடப்பாரை ஆகியனவும் துளை உண்டாக்கும். எனவே துளையின் விளிம்பே முதன்மையாக நோக்கப்படுகிறது. நோயாளி பிழைத்திருந்தால் புது எலும்பு வளர்ந்து விளிம்பு மழுங்கியிருக்கும். உடனே இறந்திருந்தால் விளிம்பு கூராகவே இருக்கும். கருவியின் தடமும் எஞ்சக்கூடும். கென்யாவின் கிசீ மக்களிடையே இம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தது. தலையில் அடிபட்டபின் நீங்காத தலைவலிக்கு அங்கு இது செய்யப்பட்டது; நோயாளிகள் பலர் பிழைத்தனர்.

இந்தியாவில்

சிறிநகருக்கு வடகிழக்கே சுமார் 16 கிமீ தொலைவிலுள்ள பர்சாஹோம் என்னும் புதிய கற்கால இடத்தை இந்தியத் தொல்லியல் துறை 1960 முதல் 1971 வரை அகழ்ந்தது. அங்கு கிடைத்த மண்டையோடு ஒன்றில் முழுமையாகவும் அரைகுறையாகவும் இடப்பட்ட பல துளைகள் உள்ளன. சங்கியான், வெபர் ஆகியோர் 2001 இல் இதனை 4000 ஆண்டுகளுக்கு முந்திய அறுவைச் சான்றாக வெளியிட்டனர். ஒரே தலையில் இத்தனை துளைகள் ஏன் என்பதே இதில் கடினமான வினா. 2011 இல் அரப்பா மண்டையோடு ஒன்றைச் சங்கியானும் சுக்கும் விவரித்தனர். அதில் தலையில் பலத்த அடி விழுந்த தடமும், துளையின் விளிம்பில் எலும்பு வளர்ந்த அடையாளமும் உள்ளன. அவர் அறுவைக்குப் பின் சில காலம் வாழ்ந்திருக்கிறார். காலிபங்கான், லோத்தல் ஆகிய இடங்களின் சிறுவர் மண்டையோடுகளும் இவ்வகையில் குறிப்பிடப்படுவதுண்டு.

தென்னிந்தியாவில் நிலைமை வேறு. தருமபுரி மாவட்டம் உட்படப் பல பகுதிகளில் பெருங்கற்காலக் கல்லறைகள் மிகுதி. ஆயினும் அக்கால மக்கள் பெரும்பாலும் உடல் சிதைந்தபின் பொறுக்கிய எலும்புகளையே அடக்கம் செய்தமையால், முழு மண்டையோடு கிடைப்பது அரிது.

மரபுக் கதைகள்

அகத்தியர் ஒரு மன்னனின் கபாலத்தைத் திறந்தபோது உள்ளே தேரை இருந்ததாகவும், சீடர் நீர் நிறைந்த பாத்திரத்தைக் காட்ட அது அதனுள் குதித்ததாகவும், அதனாலேயே சீடர் தேரையர் எனப்பட்டதாகவும் சித்த மருத்துவ மரபு கூறும். பாளி விநய பிடகத்தில் சீவகன் இராசகிருகத்து வணிகர் ஒருவரின் தலையைத் திறந்து இரு புழுக்களை எடுத்த கதை உண்டு. தலைக்குள் ஓர் உயிர் புகுந்து நோவு தருகிறது என்னும் கருத்து இரண்டிலும் ஒன்றே.