கொல்லை

செஞ்சிப் பக்கத்தில் ஒருவர் ‘கொல்லைக்குப் போறேன்’ என்றால் மண்வெட்டியோடு கிளம்புகிறார் என்று பொருள். தஞ்சாவூர்க்காரர் காதில் அது வேறு காரியமாக விழும். அங்கே கொல்லை, வீட்டின் பின்புறம். இங்கே ஏரித் தண்ணீரில் நெல் விளைவது கழனி. வானம் பார்த்து விதைப்பது கொல்லை.

பழைய பொருள் இங்கேதான் தங்கியிருக்கிறது. சங்கப் பாடல்களில் கொல்லை முல்லைத் திணைக்குரிய மேட்டு நிலம். காட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். வரகும் அவரையும் விளையும். நெல்வயல் பரந்த காவிரிக்கரையில் மேட்டு மண் வீட்டுக்குப் பின்னால்தான் மிஞ்சியது, சொல்லும் அங்கேயே ஒடுங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குக் கீழே செம்மண் கொல்லைகளில் இன்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. தென்னமெரிக்கப் பயிர், மணிலாவின் பெயரைச் சுமந்து வந்து, மணிலாக்கொட்டை வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகள் வரை போனது. பூ மேலே பூக்கும். பூவின் அடியிலிருந்து ஊசி போல ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும். மண் இறுகிக் கிடந்தால் விழுது இறங்காது. அதனால் முன்கூட்டியே களை கொத்தி மண் அணைப்பார்கள். விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறக் கூடாது. செடி எப்போது மனிதக் கையைக் கேட்கிறது, எப்போது வேண்டாம் என்கிறது என்பது கொல்லைக்காரர்களுக்குத் தெரியும்.

நம் நாவல்களில் இயற்கை உயிரோடு இருப்பது இந்த அறிவு இருக்கும் இடங்களில்தான். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) காட்டை எரித்து நிலமாக்கியவர்களின் கதை. கொங்கில் விளைநிலத்தையே காடு என்பார்கள்; அந்தக் காட்டைக் குடியிருப்புக்குப் பறிகொடுத்த குடும்பம் பெருமாள்முருகனின் ‘ஏறுவெயி’லில் (1991) வருகிறது. செஞ்சியும் விருத்தாசலமும் அடங்கிய நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன். விருத்தாசலம் பக்கத்தில் அவர் ஊரின் பெயரே மணக்கொல்லை. ‘அஞ்சலை’ எழுதியவர், 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதியும் தொகுத்தார். கதைக்குள் வாழ்ந்த சொற்களை ஒரு நாவலாசிரியரே அகராதியிலும் ஏற்றிவைத்தது பெரிய காரியம். மரம், மழை, மலை என்று வர்ணித்துத் தள்ளும் கதைகளைவிட, களைக்கொத்துப் பிடித்த கை தெரியும் ஒரு பக்கம் எனக்குப் போதும்.

செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சி. கோட்டைக்கு இனிக் காவல் உண்டு. சாலையோரக் கொல்லைகளிலோ மனைக்கற்கள் நட்டுக்கொண்டே வருகிறார்கள். பத்திரம் பதிந்த மறுநாளே அது ‘பிளாட்’. மயிலத்தில் வாழ்ந்த இராசேந்திர சோழன் இந்த வட்டாரத்துப் பேச்சைச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். அந்தப் பேச்சிலேயே, கொல்லை மனையாகும் கதையை, மல்லாட்டை பிடுங்கிக் காய் ஆய்ந்து வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் எழுத வேண்டும். அந்த நாவலுக்குக் காத்திருக்கிறேன்.